இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

முத்துப்பேச்சி கிராம சுகாதாரச் செவிலியர். ஊர்க்காரர்களுக்கு அவள் நர்சம்மா. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு சிஸ்டர். சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். வேலை கிடைத்துத் திருப்பூருக்குத் தெற்கே ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. 2006-ல் முப்பத்தொன்று. இந்த ஆறு வருடத்தில் நாக்கு கொஞ்சம் மாறியிருந்தது. ஊரில் இருந்தவரை யாருக்கும் ‘ங்க’ போட்டுப் பேசாதவள், இப்போது குறுக்கே வரும் ஆட்டைக்கூட “தள்ளுங்க” என்பாள். ஆனால் ‘சொல்லுதேன்’, ‘கேக்கேன்’ மட்டும் போகவில்லை.

அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியாது. பயிற்சிப் பள்ளியில் தொப்புள்கொடி ஒரு வாரத்தில் விழும் என்று பாடம் நடத்தினால், “ஒரு வாரம்னு யாரு மேடம் எண்ணிப் பாத்தா?” என்று எழுந்து நிற்பாள். “நீ நர்ஸ் ஆகப் போறியா, வக்கீல் ஆகப் போறியா?” என்று ஆசிரியை கேட்டதற்கு, சிரிக்காமல், “நர்சுதான் மேடம். அதான் கேக்கேன்” என்றாளாம்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால், கேட்கிறவளும் ஒப்பிக்கிறவளாக மாறிவிடுகிறாள். அவள் வந்தபோது ஐயாயிரம் பேர் இருந்த ஊர், கம்பெனிகள் வரவர இரண்டு மடங்காகிவிட்டது. தோட்டங்களின் ஓரத்தில் எட்டெட்டு அறைகளாக லைன் வீடுகள் எழும்பின. மொபெட்டில் பையும் தொங்கு தராசும் வைத்துக்கொண்டு சுற்றினால் ஒரு நாளைக்கு இருபது வீடு பார்க்கலாம். மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியில் கர்ப்பிணிகளை உட்கார வைத்துப் பேசவேண்டும். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, தாய்ப்பால் என்று ஒவ்வொன்றுக்கும் சில வாக்கியங்கள். தாய்ப்பாலுக்கு அவளுடைய வாக்கியம் இது: “பொறந்த பிள்ளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்கணும். ஆறு மாசம் வரை தண்ணிகூட வேண்டாம்.” எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வருடம் ஆடி மாதம், லைன் வீட்டு மூன்றாம் அறையில் இருந்த அனுப்ரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அனுப்ரியா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர், இருபத்திரண்டு வயது. தலைப்பிரசவம். அவள் அம்மா கொமரலிங்கத்திலிருந்து வந்து பத்து நாள் கூட இருந்துவிட்டு, வயலில் நடவு என்று திரும்பிப் போயிருந்தாள். கணவன் அருள்செல்வன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைம் ஸ்டடி எடுப்பவன். ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரர்களின் பின்னால் நிற்பதுதான் அவன் வேலை. ஒரு கழுத்துப்பட்டி வைக்க எத்தனை விநாடி, ஒரு கை இணைக்க எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டே இருப்பான். கெட்டவன் இல்லை. எதையும் சரியாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறவன்.

குழந்தை பிறக்கும்போது இரண்டு கிலோ எண்ணூறு கிராம். எட்டாம் நாள் இரண்டு அறுநூறு. பிறந்ததும் எடை கொஞ்சம் இறங்கும், பத்துப் பதினைந்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும் என்பது முத்துப்பேச்சிக்குத் தெரியும். அதனால் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, மறுபடி தராசில் தொங்கவிட்டாள். முள் அதே இரண்டு அறுநூறில் நின்றது.

தட்டிப் பார்த்தாள். முள் அசைந்து, அங்கேயே வந்து நின்றது.

முதலில் தராசின் மேல்தான் சந்தேகம். எதிர்க் கடையில் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வாங்கிவந்து தொங்கவிட்டாள். சரியாக ஒரு கிலோ காட்டியது. தராசு பொய் சொல்லவில்லை.

“பால் எப்பெப்ப குடுக்கீங்க?” என்று கேட்டாள்.

அனுப்ரியா பதில் சொல்வதற்குள் அருள்செல்வன் சுவரைக் காட்டினான். காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோடு போட்டு, தேதி போட்டு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டம். ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றிலும் டிக்.

“ஒரு தடவைகூடத் தப்பலீங்க சிஸ்டர். ஒரு பக்கம் பத்து நிமிசம், இன்னொரு பக்கம் பத்து நிமிசம். அலாரம் வெச்சுக் குடுக்கறோமுங்க.”

முத்துப்பேச்சி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடத்தில் இப்படி ஒழுங்காகப் பால் கொடுத்த வீட்டை அவள் பார்த்ததில்லை. பன்னிரண்டு தடவை குடிக்கிற குழந்தைக்கு எடை ஏன் கூடவில்லை? அவளுக்குக் கவலை வந்தது. கவலைக்குள்ளேயே, பயிற்சிப் பள்ளியில் எழுந்து நின்ற அந்தப் பழைய அரிப்பும் வந்தது.

பக்கத்து அறை வேலாத்தாள் வாசலில் நின்று, “தாய்ப்பாலு தண்ணியா இருக்குமுங்க. டப்பாப் பால் வாங்கிக் குடுத்துட்டாப் புள்ள கும்முனு ஆயிருமுங்க” என்றாள். அனுப்ரியாவின் முகம் வாடிப்போனது.

மறுநாள் காலை குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, நோய் எதுவும் இல்லை.

“நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது?”

“நாலு தடவை இருக்குமுங்க டாக்டர்” என்றாள் அனுப்ரியா. “மஞ்சளா இருக்குதுங்க.”

“இந்த வயசுக்கு ஆறு தடவைக்கு மேல போகணும். பால் உள்ள போறது பத்தலை.” டாக்டர் முத்துப்பேச்சியிடம் திரும்பினார். “எங்க தடைபடுதுன்னு பாருங்க சிஸ்டர். புதன்கிழமை மறுபடி கொண்டு வாங்க. அப்பவும் கூடலைன்னா கோயம்புத்தூருக்கு அனுப்பிரலாம். நடுவுல குழந்தை சோர்ந்து போனா, பால் குடிக்க எழுந்திருக்கலைன்னா, ஒரு நிமிஷமும் யோசிக்காம வந்துருங்க.”

எங்கே தடைபடுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று முத்துப்பேச்சி முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

“நான் இங்கன ஒரு ஓரமா இருக்கேன். நீங்க தினமும் எப்பிடிச் செய்வீங்களோ அப்பிடியே செய்யுங்க. நான் இருக்கேன்னே நெனைக்காதீங்க” என்று சொல்லி, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. அனுப்ரியா எழுப்பி மார்பில் வைத்தாள். அருள்செல்வன் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினான். குழந்தை நாலு இழுப்பு இழுத்தது, கண் சொருகியது. வாயில் காம்பு இருந்தது, தாடை அசையவில்லை. பத்து நிமிடம் ஆனதும் “மாத்து” என்றான். பக்கம் மாற்றினாள். அங்கேயும் அதே கதை. இருபது நிமிடம் முடிந்தது. தாளில் டிக் விழுந்தது.



ஒன்பது ஐந்துக்குக் குழந்தை தானாக விழித்தது. அழவில்லை. உதட்டைச் சப்புக்கொட்டியது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, போர்த்தியிருந்த துணியின் ஓரத்தை வாயால் தேடியது. பிறகு கையைக் கொண்டுபோய் வாயில் வைத்துச் சூப்பியது. அனுப்ரியாவின் பார்வை குழந்தையின் மேல் இருந்தது. பிறகு கடிகாரத்துக்குப் போனது. பிறகு குழந்தைக்கே திரும்பியது. அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்திருந்ததை முத்துப்பேச்சி பார்த்தாள்.

ஒன்பது இருபதுக்குக் குழந்தை சிணுங்கியது. ஒன்பதரைக்கு அழுதது. அருள்செல்வன் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தான். “இன்னும் அரை மணி நேரந்தான் கண்ணு, இன்னும் அரை மணி நேரந்தான்.” குழந்தை முகம் சிவந்து, கை கால் உதறி, ஒன்பது ஐம்பதுக்கு ஓய்ந்துபோய் அவன் தோளிலேயே தூங்கியது.

பத்து மணிக்கு அலாரம் அடித்தது. தூங்கும் குழந்தையை எழுப்பி மார்பில் வைத்தார்கள். நாலு இழுப்பு. கண் சொருகியது.

முத்துப்பேச்சிக்குப் புரிந்துவிட்டது. கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததைத் தெரிந்துகொள்ளப் பதினேழு நாள் ஆகியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

“அனுப்ரியா, பாப்பா ஒம்போது மணிக்கு முழிச்சுதே, அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?”

அனுப்ரியா கணவனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “பசிக்குதுன்னு தெரியுமுங்க. எனக்கும் மாரு கட்டிக்கிட்டு வலிக்குமுங்க, பால் சொட்டுமுங்க. எடுத்து வெக்கலாம்னு கை போவுமுங்க. ஆனா மணி ஆவலீங்களே.”

“மணி ஆகணும்னு யாரு சொன்னா?”

அருள்செல்வன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். “நீங்கதானுங்க சிஸ்டர். அங்கன்வாடி மீட்டிங்குல. நானும் இவளைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தனுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு நீங்க சொன்னதை அப்பவே எழுதி வெச்சுக்கிட்டனுங்க.”

முத்துப்பேச்சிக்கு முகம் சூடானது. அவளுடைய வாக்கியம்தான். அவள் சொன்ன அர்த்தம் வேறு: ரொம்ப நேரம் இடைவெளி விடாதீர்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது குடிக்கட்டும் என்பதுதான் அது. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது அது இல்லையே. வந்தது ஒரு கடிகாரம். அதை வாங்கி மாட்டியவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

“நான் சொன்னது தப்புங்க” என்றாள். ஒரு நர்ஸ் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. இருவரும் விழித்தார்கள். “ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல சும்மா விட்டுறாதீங்கன்னு சொல்லிருக்கணும். அதுக்கு முன்னாடி பாப்பா கேட்டா, கேட்ட ஒடனே குடுக்கணும்னு சொல்லிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.”

“அது கேக்கறது எப்படீங்க தெரியும்? பேசுமுங்களா?” என்றான் அருள்செல்வன். கேலியில்லை, உண்மையிலேயே கேட்டான்.

“ஒம்போது அஞ்சுக்குக் கேட்டுதே. நீங்க வாட்ச்சப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. வாயச் சப்புக்கொட்டுச்சு, துணியத் தேடுச்சு, கையச் சூப்புச்சு. அதெல்லாம் கேக்கதுதான். அழுகிறது கடைசி. அழுது ஓஞ்ச பிள்ளைக்குக் குடிக்கத் தெம்பு இருக்காது.”

பத்தே முக்காலுக்குக் குழந்தை அசைந்தது. உதடு குவிந்தது. முத்துப்பேச்சி கையைக் காட்டினாள். அனுப்ரியா இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, குழந்தையைத் தன்னோடு சேர்த்து அணைத்து வைத்தாள். தாடை வேகமாக ஆடியது, பிறகு நிதானமானது.

“இப்பக் காதக் குடுத்துக் கேளுங்க” என்றாள் முத்துப்பேச்சி.

அருள்செல்வன் குனிந்தான். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை, தொண்டையில் ‘க்கு’ என்று ஒரு சின்னச் சத்தம். மறுபடியும் ‘க்கு’. விழுங்குகிற சத்தம். அவன் முகம் மாறியது.

“காலைல இந்தச் சத்தம் வரலீங்களே!”

“நாலு தடவை வந்திருக்கும். நீங்க இருவது நிமிசம்னு எழுதுனீங்க.”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தனக்குத் தெரிந்த பாஷையில் அதைச் சொல்லிக்கொண்டான். “மிசின் ஓடியிருக்குதுங்க. துணி ஓடலீங்க. நான் மிசின் ஓடுன நேரத்தை எழுதி வெச்சிருக்கறேன்.”

பத்து நிமிடம் ஆனதும் பழக்கத்தில் அவன் வாய் “மாத்து” என்று சொல்லப்போனது. முத்துப்பேச்சி தடுத்தாள். அது தானாக விடட்டும், விட்ட பிறகு அடுத்த பக்கம் காட்டுங்கள், வேண்டுமானால் குடிக்கும் என்றாள். குழந்தை இருபத்திரண்டு நிமிடம் குடித்தது. தானே வாயை எடுத்தது. கை விரல்கள் விரிந்து, உடம்பு தளர்ந்து, உதட்டோரம் பால் வழியக் கிடந்தது. அப்படி ஒரு உறக்கத்தை அந்த வீட்டில் அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. அனுப்ரியா சத்தம் வராமல் அழுதாள். அருள்செல்வன் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழிக்கக் கை வைத்தான். பிறகு கிழிக்காமல் திருப்பி ஒட்டினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. “மணி எழுதலீங்க. ஒண்ணுக்குப் போறதை மட்டும் எழுதிக்கறனுங்க. டாக்டர் கேப்பாரில்லீங்க?” என்றான்.

பகலிலும் இரவிலும் கேட்டபோதெல்லாம் கொடுங்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எடை ஏறும்வரை எழுப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி கிளம்பினாள்.

ஆனால் திங்கட்கிழமை இரவே அருள்செல்வன் மூச்சிரைக்க அவள் வாசலில் வந்து நின்றான். “சிஸ்டர், அஞ்சு மணிக்குப் புடிச்சதுங்க, எட்டு மணி ஆவப்போவுது, விடவே மாட்டேங்குது. குடிக்குது, தூங்குது, அஞ்சு நிமிசத்துல மறுபடி கேக்குது. பாலே வத்திருச்சுன்னு அவ அழுவறாளுங்க. டப்பா வாங்கிரட்டுமுங்களா?”

முத்துப்பேச்சி போய்ப் பார்த்தாள். குழந்தை தெளிவாக இருந்தது. விழுங்கும் சத்தமும் கேட்டது. அன்று ஆறு தடவை ஒன்றுக்குப் போயிருந்தது. பால் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அப்படியிருக்க, சாயங்காலம் மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்? அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். சொல்லிவிட்டு லைன் வீட்டு வாசல்களில் நின்று கேட்க ஆரம்பித்தாள்.

“அந்தி சாய்ஞ்சா எல்லாக் குழந்தையும் அப்படித்தானுங்க” என்றாள் மூன்று பிள்ளை பெற்ற வேலாத்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. “என்ற மூத்தவன் சோறு பொங்கவே விடமாட்டானுங்க. மூணு மணி நேரம் தொங்கிக்கிட்டுக் கெடந்துட்டு அப்புறம் நல்லாத் தூங்குவானுங்க.”

“அப்பவே சொல்லப்படாதா?”

“நீங்க கேக்கலீங்களே நர்சம்மா. நீங்க வந்தா ஊசி போட்டாச்சா, மாத்திரை தின்னாச்சான்னுதானுங்க கேப்பீங்க.”

சாயங்காலம் அடுத்தடுத்துக் குடிப்பது சின்னக் குழந்தைகளின் வழக்கம்தான், பால் வற்றியதற்கு அடையாளம் இல்லை என்று மறுநாள் டாக்டரும் சொன்னார். அதைவிட, ‘நீங்க கேக்கலீங்களே’ என்று வேலாத்தாள் சொன்னதுதான் முத்துப்பேச்சியின் மனதில் தைத்தது.

புதன்கிழமை குழந்தை இரண்டு எழுநூறு. அதற்கடுத்த புதன் இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது. தராசு முள் நகர்ந்ததைப் பார்த்து அருள்செல்வன், “சர்க்கரைப் பாக்கெட்டு வாங்கியாரட்டுமுங்களா சிஸ்டர்?” என்றான். அனுப்ரியா அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். குழந்தைக்குத் தமிழ்மதி என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு தடவை குடித்த நாளும் உண்டு, பதினாலு குடித்த நாளும் உண்டு என்று அனுப்ரியா சொன்னாள். எண்ணுவதை அவளும் சீக்கிரமே விட்டுவிட்டாள்.

முத்துப்பேச்சி விடவில்லை. தன் வாக்கியம் இன்னும் எத்தனை வீட்டில் என்னென்னவாக மாறியிருக்கிறதோ என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையும் பயமுமாக இருந்தது. அந்த மாதம் பிள்ளை பெற்றிருந்த பதினோரு பெண்களிடமும் போனாள். பால் கொடுத்தீர்களா என்று கேட்கவில்லை. “அன்னைக்கு அங்கன்வாடில பால் குடுக்கதப் பத்தி நான் என்ன சொன்னேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கு?” என்று கேட்டாள்.

ஒருத்தி, “ரெண்டு மணி நேரம் மடியிலயே வெச்சிருக்கோணும்னு சொன்னீங்க” என்றாள். பாவம், முதுகு ஒடிய உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்திக்கு அது பகலுக்கு மட்டும், “ராத்திரிக்குன்னு நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே.” மில் சங்கு ஊதும்போதெல்லாம் கொடுத்தவள் ஒருத்தி, கடிகாரம் இல்லாத வீடு. ஒரு வீட்டில் குழந்தை ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறது, தங்கமான பிள்ளை என்று எழுப்பாமலே விட்டிருந்தார்கள். அங்கே தராசை உடனே எடுத்தாள். நல்லவேளையாக எடை குறையவில்லை. நாலைந்து பேர் மட்டும், அவள் சொன்னது எதுவுமே நினைவில்லை என்று வெட்கப்பட்டுச் சொன்னார்கள். பிள்ளை கேட்டால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகள் கொழுகொழுவென்று இருந்தன.

மாதக் கூட்டத்தில், டாக்டரும் எட்டு நர்சுகளும் உட்கார்ந்திருந்த அறையில், முத்துப்பேச்சி எழுந்து இதையெல்லாம் சொன்னாள். தன் வாக்கியம்தான் அந்தக் குழந்தையின் எடையை நிறுத்தியது என்பதையும் மறைக்கவில்லை. இப்போது தான் என்ன சொல்கிறாள் என்றும் சொன்னாள்: “பிள்ளை வாயத் தொறந்து தேடுனா, கையச் சூப்புனா, குடுங்க, மணி பாக்காண்டாம். ஒரு நாளைக்கு எட்டுல இருந்து பன்னெண்டு தடவை வரும், கூடவும் வரலாம். ரொம்ப நேரம் தூங்குனா எழுப்பிக் குடுங்க. விழுங்குத சத்தத்தக் கேளுங்க. ஆறு தடவை ஒண்ணுக்குப் போகுதான்னு பாருங்க. இதச் சொல்லி முடிச்சதும் அவுங்களத் திருப்பிச் சொல்லச் சொல்லுதேன்.”

இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாரையும்விட மூத்தவரான தெய்வாத்தாள், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இருவத்தேழு வருசமா நானும் அதையேதான் சொல்லறனுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருசம் வரைக்கும்னு. எனக்கொண்ணும் புகார் வந்ததில்லையே” என்றார். அதில் கொஞ்சம் கோபம் இருந்தது. முத்துப்பேச்சி உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் துணை சுகாதார நிலையத்துக்குப் போன் வந்தது. தெய்வாத்தாள்தான். எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல், “ஏனுங்க முத்துப்பேச்சி, இன்னைக்குப் புள்ள பெத்த ஒருத்திகிட்ட, நான் என்ன சொன்னேன்னு திருப்பிக் கேட்டுப் பாத்தனுங்க” என்றார்.

“என்ன சொன்னாங்க மேடம்?”

“ரெண்டு வருசம் வரைக்கும் ஒரு தடவைன்னு சொன்னீங்கன்னு சொல்லறாளுங்க!”

இரண்டு பக்கமும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கிய பிறகு தெய்வாத்தாள் குரலைத் தாழ்த்தி, “அந்த விழுங்கற சத்தம்னு சொன்னீங்களே, அது எந்தப் பக்கம் காதை வெச்சாக் கேக்குமுங்க?” என்று கேட்டார்.